பராமரிப்பே வேண்டாத கொல்லை

காலையில் கதவைத் திறந்த நெவென்கா வழக்கம்போல் ஒரு நொடி திகைத்து நின்றாள். கொல்லையில் நிழல் இல்லை. வால்நட் மரம் போய் ஐந்து நாளாகிறது.

வெட்டியது யார் என்பது சென்ற வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். அவளுடைய அண்ணன் டிராகோமிர்தான். நாற்பது வருஷமாக வியன்னாவில் வீடுகளுக்குத் தரைக்கல் பதிப்பவர். ஆண்டுக்கு மூன்று வாரம், ஆகஸ்டில், ம்லாவா ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊருக்கு வருவார். மீதி நாற்பத்தொன்பது வாரமும் இங்கேயே கிடப்பவர்கள் எப்படி வாழ வேண்டும் என்று பாடம் நடத்திவிட்டுப் போவார். அந்த மரம் செய்த குற்றம் இலை உதிர்த்தது.

முன்னால் நிற்பது அவருடைய வீடு. மூன்று மாடி, பதினோரு அறை, வாசலில் அவரே பதித்த ஐந்து பளிங்குப் படி. குடியிருக்கத்தான் ஆள் இல்லை. பின்னால் கொல்லையில் இருப்பது கோடைச் சமையலறை. இரண்டு அறை, ஓட்டுக் கூரை, ஒரு விறகடுப்பு. பெயர்தான் கோடை. கணவன் செத்த பிறகு தாய்வீட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்து நெவென்கா பன்னிரண்டு மாதமும் அங்கேதான் இருக்கிறாள். பெரிய வீட்டுக்குச் சனிக்கிழமை தோறும் போய் ஜன்னலைத் திறந்து, காற்றுக் காட்டி, மறுபடி பூட்டிவிட்டு வருவாள்.

நேற்று நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். மரத்தின் அடிக்கட்டையிலிருந்து மூன்றெட்டுத் தள்ளி, முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் நட்டிருந்தது. பழைய கிணற்றின் மூச்சுக் குழாய். இந்தப் பக்கத்தில் கிணற்றை மூடுகிறவர்கள் குழாய் வைக்காமல் மூடுவதில்லை. மூச்சு அடைபட்ட கிணறு வீட்டாரின் மூச்சை எடுத்துக்கொள்ளும் என்பார்கள். டிராகோமிர் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு, அதில் துரை மாதிரி உட்கார்ந்துகொண்டு, கட்டிங் மெஷினால் குழாயைத் தரையோடு அறுத்தார்.

"மண்ணு போட்டு மூடின கிணத்துக்கு மூச்சாம், இழுப்பாம்" என்றார்.

நெவென்கா தொட்டியடியில் மிளகாய் கழுவிக்கொண்டிருந்தாள். மண்ணு போடலை அண்ணா, என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார்.

"ஒரே இடத்துல உட்கார்ந்திருந்தா புத்தி இப்படித்தான் துருப்பிடிக்கும்."

அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது டிராகோமிர் வியன்னா போன மறுவருஷம். அப்பா அந்தக் குழாயை நம்பவில்லை. அரசாங்கம் போனால் குழாயும் போகும், கிணறு இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஓக் உத்தரம் ஆறு போட்டு, மேலே பலகை அடித்து, அதற்கு மேல் ஒரு முழம் மண்ணைத் தள்ளி மூடினார். கீழே எல்லாம் அப்படியே வெற்றிடம். இது தெரிந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது நெவென்கா ஒருத்திதான்.

கொல்லை முழுக்கத் தரை போடட்டும், நன்றாகப் போடட்டும், என்று நேற்று முழுக்க அவள் மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள். பனிக்காலத்தில் தரை உள்வாங்கும். வியன்னாவுக்குப் போன் பண்ண வேண்டும். "அண்ணா, உன் தரை உட்கார்ந்துடுச்சு" என்று எந்தக் குரலில் சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

ஏழு மணிக்கு டிராகோமிர் வந்து சேர்ந்தார். அக்குளில் பிளாஸ்டிக் உறை போட்ட வரைபடம்.

"காபி இருக்கா?"

"இருக்கு. உன் வீட்டுல மூணு அடுப்பு இருக்கே, ஒண்ணுகூட எரியலையா?"

"எல்லாம் புதுசு. உன் அண்ணி உறையே பிரிக்கல."

"எப்ப பிரிப்பா? கருமாதிக்கா?"

டிராகோமிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டு, காபிக் கிண்ணத்தை நகர்த்திவிட்டு வரைபடத்தை மேஜையில் விரித்தார்.

"பார்த்துக்க. இது தரை. அறுபதுக்கு அறுபது கல்லு. அடியில பதினைஞ்சு சென்டிமீட்டர் கான்கிரீட்டு, உள்ள கம்பி வலை. அதுக்கும் அடியில களை முளைக்காத துணி. ஓரம் பூரா வெள்ளைக் கூழாங்கல். இது புல்லு."

"என்ன புல்லு?"

"பிளாஸ்டிக். வெட்ட வேண்டாம், தண்ணி விட வேண்டாம். பதினைஞ்சு வருஷம் கேரண்டி."

"ஆடு திங்குமா?"

"ஆடு வேண்டாம்னுதானே இவ்வளவும் பண்றேன்." டிராகோமிர் விரலால் வரைபடத்தைத் தட்டினார். "முப்பது வருஷத்துக்குப் பராமரிப்புங்கிற பேச்சே கிடையாது. மாசத்துக்கு ஒரு தடவை ஹோஸ் பைப்பை எடுத்து ஒரு பீச்சு பீச்சினா போதும்."

"யார் பீச்சுறது?"

"நீதான். நான் எங்க இருக்கேன்?"

அவருக்குத் தொழில் தெரியாது என்று மட்டும் நெவென்காவால் சொல்ல முடியவில்லை. மழைத் தண்ணீர் வீட்டை விட்டு விலகி ஓடுவதற்கு நூற்றுக்கு இரண்டு சாய்வு, ஓரத்தில் வடிகால், வெயிலில் கல் விரிய இடைவெளி, எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். ஒரு கோடுகூடக் கோணல் இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

அப்போதுதான் மூலையில் இருந்த கட்டம் அவள் கண்ணில் பட்டது. உள்ளே தீ எரிவது மாதிரி ஒரு படம்.

"இது என்னது?"

"கிரில். செங்கல் அடுப்பு, மேல சின்னதா ஒரு கூரை. நாலு பேர் வந்தா இறைச்சி சுடலாம்."

நெவென்கா வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினாள். இடப்பக்கம் பன்றிக் கொட்டில் இருந்த இடம். வலப்பக்கம் பிளம்ஸ் மரங்கள் நிற்கும் வேலி. விரலை வைத்து இரண்டு தடவை அளந்தாள்.

"அண்ணா, நாம இப்ப எங்க உட்கார்ந்திருக்கோம்?"

டிராகோமிர் காபிக் கிண்ணத்துக்குள் பார்த்தார்.

"அதே இடம்தான்" என்றார். "வெள்ளிக்கிழமை இடிக்கிற மெஷின் வருது. உன்னை யாரு தெருவுக்குப் போகச் சொன்னா? முன்னால பதினோரு ரூம் இருக்கு. பாத்ரூம்ல இத்தாலிக் கல்லு போட்டு வச்சிருக்கேன். ராணி மாதிரி இரு."

"அந்த வீட்டுக்குள்ள செருப்பைக் கழட்டிட்டு, மூச்சையும் கழட்டி வச்சுட்டுத்தான் போகணும். குளிருக்குத் தீ மூட்ட ஒரு அறை உண்டா அதுல? தண்ணி குடிச்சா டம்ளருக்கு அடியில கறை விழுதான்னு உன் பொண்டாட்டி வந்து பார்ப்பா."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வயசாகுது உனக்கு. குனிய நிமிர வேண்டாமேன்னு பார்த்தேன்."

"குனியறது நான், நிமிர்றது நான். உனக்கு எங்க வலிக்குது?"

டிராகோமிர் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றி, மந்திரி எழுந்திருக்கிற நிதானத்தோடு எழுந்து வெளியே போனார். அவளுடைய வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே அவளை ஒரு படத்தில் அழித்துவிட்ட மனிதனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள் நெவென்கா. பதினாறு வருஷம். இந்த அடுப்பைப் பூசியது அவள், கூரை ஓடு மாற்றியது அவள், இந்த ஜன்னலுக்குப் பச்சைச் சாயம் அடித்தது அவள். அந்த மனிதனுக்கு இது நாலு பேருக்கு இறைச்சி சுடுகிற இடம்.

ஒன்பதரைக்கு அண்ணி ஸ்லாட்டா வந்தாள். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் செருப்பு. புழுதியும் கோழியும் இருக்கிற ஊருக்கு வருஷம் தவறாமல் வெள்ளை உடுத்திக்கொண்டு வருகிறவளைப் பற்றி நெவென்காவுக்கு என்றைக்குமே நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. ஸ்லாட்டா ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு, கதவடியில் அலுமினியச் சட்டியோடு மிளகாய் நறுக்கிக்கொண்டிருந்த அவளுக்கு எதிரே உட்கார்ந்து, குடைமிளகாயின் விதையை எடுக்க ஆரம்பித்தாள். விதையை எடுப்பது என்னவோ ஒழுங்காகத்தான் எடுத்தாள்.

"கால்சட்டை வீணாகும், அண்ணி."

"ஆகட்டும்."

"அந்தப் படம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். எனக்கு அந்தக் கல்லும் வேண்டாம், வாசல்ல பொட்டலம் கட்டி வச்சிருக்கிற ரெண்டு சிங்கமும் வேண்டாம். நான் சொன்னா யார் கேட்கிறா?"

"சிங்கம் எதுக்கு?"

"அதுக்கும் பராமரிப்பு இல்லையாம்."

நெவென்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். இவளோடு சேர்ந்து சிரிக்கிற நாள் இன்னும் வரவில்லை.

"வசந்தத்துல நாங்க வந்துடறோம், நெவென்கா. நிரந்தரமா."

"இருபது வருஷமா நீங்க இதே வசனத்தைத்தான் சொல்றீங்க. எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு."

"இந்தத் தடவை வியன்னா வீட்டைக் காலி பண்றோம்னு எழுதிக் கொடுத்தாச்சு." ஸ்லாட்டா கத்தியைக் கீழே வைத்தாள். "அவருக்கு முட்டி போச்சு. ரெண்டும். பிப்ரவரியிலேர்ந்து வேலைக்குப் போகல. இனிமே முட்டி போடவே கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சு சொல்லிட்டார். நாற்பது வருஷம் அடுத்தவன் வீட்டுத் தரையில முட்டி போட்டே கிடந்த மனுஷன். இப்ப அஞ்சு படி ஏறணும்னா கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு அழறார். காலையில இறங்கினா சாயங்காலம் வரைக்கும் மேல ஏறமாட்டார். காபிக்கு உன்கிட்ட வர்றது பாசத்துல இல்ல."

நெவென்கா கையிலிருந்த மிளகாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முக்காலி. நீட்டிய கால். மேஜையில் ஊன்றிய கை. எல்லாம் துரைத்தனம் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"உன்கிட்டயா? பிள்ளைங்ககிட்டயே சொல்லல. புல்லு வெட்ட முடியாது, இலை கூட்ட முடியாது. முடியலன்னு சொல்ல அவருக்கு வாய் வரமாட்டேங்குது. அதனால எல்லாத்தையும் வேண்டாம் வேண்டாம்ங்கிறார்."

பாவம் என்று நெவென்காவுக்குத் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. தன் முட்டி போனதற்கு என் கூரையை இடிக்கிறான், அதையும் என் நல்லதுக்கு என்கிறான். இப்படி ஒரு கோழையை அண்ணன் என்று எத்தனை வருஷம் ஊருக்குள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் லாரியின் சத்தம் கேட்டது.

நெவென்கா இதுவரை பார்த்த கான்கிரீட் லாரிகள் எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். அங்கிருந்து தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவளுடைய கணக்கும் அதுதான். டிராகோமிர் காலையிலேயே பக்கத்து வேலியைப் பிரித்து வைத்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. லாரி வேலி வழியாக ரிவர்ஸில் கொல்லைக்குள் வந்துகொண்டிருந்தது. எட்டுச் சக்கரம். மேலே டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் நின்று, "வா, வா, இன்னும் வா" என்று இரண்டு கையாலும் அழைத்துக்கொண்டிருந்தார் டிராகோமிர்.

தரை முழுக்கக் களை முளைக்காத கறுப்புத் துணி விரித்திருந்ததால் எந்த இடம் எது என்று தெரியவில்லை. அடிக்கட்டை மட்டும் தெரிந்தது. அதிலிருந்து மூன்றெட்டு. அவர் நின்றதே கிணற்றின் மேல்தான்.

நெவென்கா எழுந்தாள். மடியிலிருந்த மிளகாய் உருண்டு ஓடியது. நடையா ஓட்டமா என்று தெரியாத வேகத்தில் போய், கையிலிருந்த அலுமினியச் சட்டியால் லாரியின் பக்கத்தில் ஓங்கி இரண்டு அடி அடித்தாள்.

"ரதிஷா, நிறுத்து."

பக்கத்து ஊர்க்காரன் ரதிஷா. பிரேக்கை மிதித்துவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"என்னக்கா?"

"இன்னும் ஒரு அடி வந்தா நீயும் உன் வண்டியும் கிணத்துக்குள்ள."

டிராகோமிருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன உளர்றே? அது மண்ணு போட்டு மூடினது."

"மண்ணு மேல ஒரு முழம்தான். அதுக்குக் கீழ நாற்பது வருஷத்து ஓக் உத்தரம். அதுக்கும் கீழ பதினாலு மீட்டர், தண்ணி. அப்பா குழாயை நம்பலை. நீ அப்ப வியன்னாவுல போட்டோ எடுத்து அனுப்பிக்கிட்டிருந்தே."

ரதிஷா இறங்கி, ஒரு கடப்பாரையை எடுத்துத் துணியின் மேல் குத்தினான். காலிப் பீப்பாயைத் தட்டின மாதிரி வந்த சத்தத்தைக் கேட்டதும் வண்டியில் ஏறி, இரண்டு மீட்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தான்.

டிராகோமிர் நம்பவில்லை. அல்லது நம்ப விரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முட்டியை இறக்கினார், பிறகு மற்றதையும். துணியைக் கிழித்து, அறுத்த குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தார். ஆகஸ்ட் வெயிலில் உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. கையை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

"நேத்து நான் இதை அறுக்கும்போது நீ எங்க இருந்தே?" என்றார், தலையைத் தூக்காமல்.

"தொட்டியடியில."

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"வாயில என்ன வச்சிருந்தே?"

"நீ சொன்ன துருவை."

ரதிஷா தொண்டையைச் செருமினான். "முதலாளி, உங்க குடும்ப விஷயம் நடக்கட்டும். டிரம்முல ஏழு கன மீட்டர் இருக்கு. கலந்து ஒரு மணி நேரம் ஆயிடுச்சு. இன்னும் அரை மணி போச்சுன்னா உள்ளேயே இறுகிடும். எங்க கொட்டட்டும்?"

"இதுக்குள்ளயே கொட்டு" என்றார் டிராகோமிர். "கிணத்துக்குள்ள. இவளும் இவ கிணறும். எல்லாம் இன்னியோட ஒழியட்டும்."

"கொட்டட்டும்" என்றாள் நெவென்கா. "நீ எழுந்திரு முதல்ல."

டிராகோமிர் ஒரு கையை ஊன்றினார். பிறகு இன்னொரு கையை. இடுப்பு உயர்ந்தது, தாழ்ந்தது. மூன்றாவது தடவை முயன்றபோது உதட்டின் மேல் வேர்வை துளிர்த்தது. ஸ்லாட்டாவைப் பார்த்தார். அவள் சிதறிய மிளகாயைப் பொறுக்குவதில் மும்முரமாக இருந்தாள்.

"கை கொடு" என்றார் கடைசியில்.

நெவென்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "கிரில் எங்க வருது?"

"தூக்கு முதல்ல."

"சொல்லு முதல்ல."

ரதிஷா வானத்தைப் பார்த்தான். டிரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"வராது" என்றார் டிராகோமிர். "எங்கேயும் வராது. போதுமா?"

"படத்துல அடி. உன் வாயை நம்பின காலம் போச்சு."

அவர் வரைபடத்தை உறையிலிருந்து உருவி, காதில் செருகியிருந்த தச்சுப் பென்சிலை எடுத்து, தரையில் வைத்து அந்தக் கட்டத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். அந்தக் கோடும் நேராகத்தான் இருந்தது. நெவென்கா குனிந்து, அவர் அக்குளில் கையைக் கொடுத்து, விறகுக் கட்டைத் தூக்குவது மாதிரி ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தினாள்.

"அக்கா, நேரம்" என்றான் ரதிஷா.

"வண்டியை முன்பக்கம் கொண்டு போ. வாசல் படி மேல கொட்டு. சாய்வா, மேலேர்ந்து கேட்டு வரைக்கும்."

டிராகோமிருக்கு வாய் குழறியது. "அது பளிங்கு. என் கையால பதிச்சது."

"ஏற முடியாதவனுக்கு எதுக்குடா பளிங்கு?" பிறந்ததிலிருந்து அவள் அவரை 'டா' போட்டது இதுதான் முதல் தடவை. "சாய்வு எவ்வளவு வைக்கணும்னு நீயே சொல்லு. தொழில் தெரிஞ்சவன் நீதானே."

அவர் ஸ்லாட்டாவைப் பார்த்தார். சொல்லிவிட்டாயா என்ற பார்வை. ஸ்லாட்டா இந்த முறை பார்வையைத் திருப்பவில்லை. டிராகோமிர் தச்சுப் பென்சிலை மறுபடி காதில் செருகினார்.

"நூத்துக்கு எட்டு" என்றார். "அஞ்சு படிக்குப் பத்து மீட்டர் வேணும். சிங்கத்தைத் தள்ளி வைக்கணும். ஒரு பக்கம் கைப்பிடி."

"சிங்கத்தை உருட்டி விடு, ரதிஷா" என்றாள் நெவென்கா.

பத்தே நிமிஷத்தில் கொல்லைக்கு வைத்திருந்த பலகைகள் எல்லாம் வாசலுக்கு வந்தன. ரதிஷா கொட்டினான். ஸ்லாட்டா வெள்ளைக் கால்சட்டையோடு மண்வெட்டியால் இழுத்துவிட்டாள். டிராகோமிர் நீளக் கம்புக் கட்டையால் நின்றபடியே மட்டம் பார்த்தார். ஓரத்துக்கு மட்டும் ஒருவர் முட்டி போட்டுக் கரணையால் தேய்க்க வேண்டியிருந்தது. அதை நெவென்கா செய்தாள்.

"அழுத்தாதே. கரணையைப் படுக்க வச்சு இழு" என்றார் மேலிருந்து.

"தெரியும்."

"தெரியல. சாய்க்கிறே பாரு."

பளிங்குப் படி ஒவ்வொன்றாக மறைந்தது. ஐந்தாவது மறையும்போது டிராகோமிர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. லாரி போய்விட்டது. ஸ்லாட்டா குளிக்கப் போனாள். நெவென்கா தொட்டியடியில் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தபோது டிராகோமிர் பக்கத்தில் வந்து நின்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஒண்ணு கேட்கணும். முட்டி சமாச்சாரத்தை ஸ்லாட்டா உன்கிட்ட எப்ப சொன்னா?"

"ஒன்பதரைக்கு. மிளகாய் நறுக்கும்போது."

"லாரி பத்து மணிக்கு." அவர் விரலால் அந்த அரை மணி நேரத்தை அளப்பது மாதிரி காற்றில் ஒரு கோடு போட்டார். "அவ சொல்லாம இருந்திருந்தா, நெவென்கா, நீ அந்தச் சட்டியால அடிச்சிருப்பியா?"

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கரணையிலிருந்த சிமென்ட் எல்லாம் போய் இரும்பு பளிச்சென்று தெரிந்தது. நெவென்கா அதன் பிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள்.